பின்னறையில் தட்டும் சத்தம்

ஆடி பிறந்துவிட்டால் ஏரல் பக்கத்து வாழைத்தோப்புகளில் இலை இருக்கும், விலை இருக்காது. மேற்கேயிருந்து வரும் காற்று ஒவ்வோர் இலையையும் சீப்பின் பற்களைப் போல நறுக்கிப் போட்டுவிடும். கல்யாணம் காட்சி இல்லாத மாதம் வேறு. இலை அறுத்துக் கட்டிப் பிழைக்கிற குடும்பங்களுக்கு மத்தியானத்துக்கு மேல் கை சும்மா இருக்கும். ஜெபகனிக்கு அந்தச் சும்மா இருக்கிற மத்தியானங்கள்தான் பயம். காற்று ஒரு மூச்சு நிற்கும். அப்போது பின்னறையிலிருந்து அந்தச் சத்தம் வரும்.

டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டொக். இரும்பால் சுவரைத் தட்டுகிற சத்தம்.

அது அவளுடைய மாமியார் ஞானப்பூவம்மாளின் சத்தம். அந்த அம்மாள் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தலையில் இலைக்கட்டோடு வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்தவள் அதற்குப் பிறகு காலூன்றவே இல்லை. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடுப்பு மூட்டு உடைந்திருக்கிறது, ஆப்பரேஷன் செய்து புது மூட்டு வைக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு ஒரு தொகையும் சொன்னார்கள். மகன் பாக்கியசீலன் அந்தத் தொகையைக் காதில் வாங்கினார், கையெடுத்துக் கும்பிட்டார், வந்த வேனிலேயே அம்மாவைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். உப்புக்கு ஒரு விலை இருப்பதுபோல எலும்புக்கும் ஒரு விலை இருக்கும், அது நமக்கு எட்டாத விலை என்று நினைத்துக்கொண்டார். இன்னொரு வாசலில் போய்க் கேட்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அன்றைக்குக் கூட இருந்த யாருக்கும் தோன்றவில்லை.

கிழவி மூன்று வருஷம் பின்னறைக் கட்டிலில் கிடந்தாள். பாக்கு இடிக்கிற சின்ன இரும்பு உலக்கை எப்போதும் அவள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு தட்டு, திருப்பிப் படுக்கப் போட வேண்டுமென்றால் இரண்டு தட்டு. சில மத்தியானங்களில் ஒன்றும் வேண்டாமலேயே தட்டிக்கொண்டிருப்பாள். ஜெபகனி ஓடிப்போய்ப் பார்த்தால், "ஒண்ணுமில்லட்டி. ஆள் இருக்கான்னு பாத்தேன்" என்பாள்.

அவள் அடக்கத்துக்கு வந்த ஒரு தூரத்து உறவு, பந்தலில் காப்பி குடித்துக்கொண்டே, "வேற எடத்துல கேட்டிருந்தா கால்வாசிக்கு முடிச்சிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போனார். துக்க வீட்டில் சொல்லுகிற பேச்சுக்கு எடை கிடையாது. சொன்னவர் பஸ் ஏறுவதற்குள் மறந்திருப்பார். பாக்கியசீலன் மறக்கவில்லை. அதைப் பற்றி அவர் பேசியதும் இல்லை.

போன மார்கழி வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது. சன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்று வடிந்தபோது பின்னறையில் கட்டில் இல்லை, உரல் இல்லை, உலக்கையும் இல்லை. எல்லாவற்றையும் ஆறு எடுத்துக்கொண்டு முழங்கால் அளவு வண்டலை விட்டுப் போயிருந்தது. அதை வாரிக் கொட்டும்போது ஜெபகனி, சத்தமும் இதோடு புன்னக்காயல் கடலில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தாள். ஆடி வந்தது. சத்தமும் வந்தது.

அந்த வண்டலை வாரிய நாட்களில்தான் அவள் இடுப்பு அவளைக் கைவிட்டது. வலி அதற்கு முன்பே இருந்தது. தரையில் காலை விரித்து உட்கார்ந்து இலையைத் தட்டி அடுக்கி நார் கட்டுகிறவளுக்கு எங்கேயாவது வலிக்கத்தானே செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு தொடையிடுக்கில் ஆணி அடித்ததுபோல ஆயிற்று. இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். கோயிலில் முழங்கால்படியிட முடியவில்லை. ஜெபத்தின்போது எல்லாரும் முழங்காலில் இருக்க, அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் தலைக்கு மேலே தன் தலை தெரிவது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மகள் ஃபெபி பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். அவள்தான் அம்மாவையும் அப்பாவையும் நாற்கரச் சாலைப் பக்கம் புதிதாக வந்திருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே மீன் தொட்டி. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்தம் போவது நின்று அது நொறுங்கிவிட்டது, இனி மாற்றுவதுதான் வழி என்றார். மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று ஃபெபி கேட்டதற்கு, கொஞ்ச நாளில் படுக்கைதான் என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜெபகனிக்குப் பின்னறை கண்முன்னால் வந்தது.

பிறகு ஒரு பெண் மூவரையும் தனி அறையில் உட்கார வைத்து, பேக்கேஜ் என்று மூன்று தொகை சொன்னாள். பாக்கியசீலன் மூன்றில் பெரியதைக் காட்டி, "இதே இருக்கட்டும்" என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை. வெளியே வந்ததும் ஃபெபி, எப்பா, இன்னும் ரெண்டு இடத்துல கேட்டுப் பார்ப்போமே என்றாள். கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர் நடந்துவிட்டார். அந்த வாரமே ஏரலில் ரைஸ் மில் வைத்திருக்கிற சிவகணேஷிடம் மேலத்தோப்பை விற்பதாக வாய்வார்த்தை பேசிவிட்டு வந்தார். அவர்களுக்கு இருந்தது இரண்டு தோப்பு. ஆற்றோரத் தோப்பை வெள்ளம் மணலடித்துப் போட்டுவிட்டது. இப்போது சோறு போடுவது மேலத்தோப்பு மட்டும்தான்.

ஃபெபி விடவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் அங்கேயும் இங்கேயும் போன் போட்டுக் கேட்டாள். ஓர் இடத்தில் பாதி சொன்னார்கள். இன்னோர் இடத்தில் அதிலும் பாதி. அரசு ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவே இல்லை, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். மதுரையில் ஓர் இடத்தில் பெரிய ஆஸ்பத்திரியையும் தாண்டிச் சொன்னார்கள். இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு வேளையில் அவள் எடுத்துச் சொன்னபோது பாக்கியசீலன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"ஒரே எலும்புக்கு இத்தன வெலயா? அப்பம் கொறைச்சுச் சொல்லுதவன் தகரத்த வைப்பான்."

"எப்பா, தெரியாமப் பேசக்கூடாது. ஏன் கொறையுதுன்னு நேர்ல போய்க் கேப்போம்."

"ஒங்கம்மைக்கு வெல கேட்டுத் திரிய நான் என்ன மாட்டுத் தரகனா?" என்று எழுந்து கை கழுவிவிட்டார்.

ஜெபகனி அவர் மிச்சம் வைத்த சோற்றைப் பார்த்தாள். அவள் படுக்கையில் விழாமல் இருக்க வேண்டும். அவள் எழுந்து நடக்கும்போது நடந்து போவதற்கு அந்தத் தோப்பும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஜெபத்தில் கேட்பது பேராசையோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்தது.

ஆவணியில் அறுப்புப் பண்டிகை வந்தது. அந்தத் திருச்சபைச் சேகரத்தில் பண்டிகை என்றால் ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் நடக்கிற ஏலம்தான். முதல் பலன் என்று சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணி, சேவல், தேங்காய், வாழைத்தார் எல்லாம் ஏலத்துக்கு வரும். சந்தையில் நாற்பது ரூபாய்ப் பூசணிக்காய் இங்கே நாலாயிரத்துக்குப் போகும். எடுத்தவர் அதையே திரும்பக் காணிக்கையாகக் கொடுப்பார். இரண்டாம் முறையும் ஏலம் போகும். யாரும் அதை விலை என்று நினைப்பதில்லை. ஆண்டவருக்குக் கொடுப்பதில் பேரம் உண்டா?

ஏலம் கூறுகிறவர் பல வருஷமாகப் பாக்கியசீலன்தான். இலைக் கமிஷன் கடையில் பழகிய குரல். "சேவல் கூவலன்னா குருவானவர் பொறுப்பு" என்பார், கூட்டம் சிரிக்கும். கடைசியில் ஒரு கவுளி, ஒரு கட்டு வெற்றிலை, வரும். அதை வைப்பவரும் அவர்தான், எடுப்பவரும் அவர்தான். அம்மா நினைவுக்கு என்று எல்லாருக்கும் தெரியும். எதிர்த்து ஏலம் யாரும் கேட்க மாட்டார்கள். அவர் ஒரு தொகை சொல்வார், உபதேசியார் மூன்று தரம் கூறி முடிப்பார்.

இந்த வருஷம் அவர் ஐந்நூறு என்றார். உபதேசியார் ஒரு தரம் என்பதற்குள், ஆயிரம் என்றார். எதிரே யாருமில்லை. இரண்டாயிரம் என்றார். கூட்டத்தில் சிலர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். தான் கேட்ட தொகையைத் தானே மீறிக்கொண்டு, யாரோ எதிரே நின்று ஏற்றுகிறதுபோல அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, அவர் ஏறிக்கொண்டே போனார். சிரிப்பு அடங்கிவிட்டது. குருவானவர் மெல்ல எழுந்துபோய் அவர் தோளில் கைவைத்து, "போதும் அண்ணாச்சி, ஆண்டவர் ஏத்துக்கிட்டார்" என்றார். அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெபகனிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றில் பெரியதைத் தொட்டுக் காட்டிய விரலும் இந்த ஏலத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வருகையில் ஆட்டோவில் அவள் அவரிடம் கேட்டாள்.

"ஃபெபி அப்பா, நான் ஒண்ணு கேக்குதேன். கோவிக்கப்படாது. ஆஸ்பத்திரியில நீங்க பணம் கட்டப்போறது என் எலும்புக்கா, அத்த எலும்புக்கா?"

அவர் மடியில் இருந்த வெற்றிலையைத் தடவிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் அசன் மைதீனும் அவர் மனைவி மும்தாஜ் பேகமும் வந்தார்கள். ஏரலில் பலசரக்கும் இலையும் வியாபாரம். பேத்தி கல்யாணத்துக்கு இலை சொல்ல வந்திருந்தார்கள். வெள்ளத்துக்கு முன்பு பார்த்தபோது மும்தாஜ் பேகம் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். இப்போது வாசல் நடையைக் கைப்பிடி இல்லாமல் ஏறி வந்ததை ஜெபகனி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன, என் காலையே பாக்க? கண்ணு வச்சிராத ஏளா" என்று மும்தாஜ் பேகம் நாற்காலியில் உட்கார்ந்தாள். "இடுப்பு மாத்திப் பெருநாளு ரெண்டு போச்சு. ஒனக்குஞ் சொல்லி அனுப்பணும்னு இருந்தேன். ஒனக்கும் இதான்னு நேத்துதான் கேள்விப்பட்டேன்."

எங்கே, எவ்வளவு என்று விசாரித்ததில், பாளையங்கோட்டை முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி என்று தெரிந்தது. தொகை பெரிய ஆஸ்பத்திரி சொன்னதில் பாதிக்கும் கீழே. பாக்கியசீலன் மரியாதையாகத்தான் கேட்டார், அவ்வளவு குறைச்சலுக்கு நல்ல சாமான் வைப்பார்களா என்று.

"என்னப் பாத்தா தகரம் வச்ச மாதிரியா இருக்கு அண்ணாச்சி?" என்று மும்தாஜ் பேகம் எழுந்து, முன்னறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து காட்டினாள். "சத்தம் கித்தம் வருதான்னு கேட்டுக்கிடுங்க. ஏன் கொறச்சல்னு நானுங் கேட்டேன். கேட்டா அந்த டாக்டர் கோவப்படல. உக்கார வச்சுச் சொன்னாரு. ஆயிரம் ரூவாச் சேலைய அஞ்சு கடை ஏறி எறங்கி எடுக்கோம். அல்லா தந்த ஒடம்புக்கு ரெண்டு கடை ஏறக் கூச்சப்படலாமா?"

அசன் மைதீன் சிரித்தார். "இவ கேட்ட கேள்வியில டாக்டருக்கே இடுப்பு வலி வந்திருக்கும் வே."

பாக்கியசீலனும் சிரித்தார். ஆனால் அவர்கள் போனபின் தோப்புக் கிரயம் பற்றிச் சிவகணேஷைப் பார்க்க வேண்டும் என்று சட்டையை எடுத்தார். மத்தியான வெயில் ஏறிவிட்டது, சாய்ந்ததும் போகலாம் என்று ஜெபகனி தடுத்தாள். இரண்டு பேரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வாழை சலசலத்துக்கொண்டிருந்தது. காற்று ஒரு மூச்சு நின்றது.

டொக்.

ஜெபகனி கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷமாக அதைத் தன் தலைக்குள் கேட்கிற சத்தம் என்றே வைத்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் விசுவாசத்தில் குறைவு என்பார்கள், ஜெபக்கூட்டம் வைத்துவிடுவார்கள்.

டொக்.

கண்ணைத் திறந்தபோது பாக்கியசீலன் பின்னறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையின் ஒரு கை மாட்டியபடியும் மறுகை தொங்கியபடியும் இருந்தது.

"ஒங்களுக்கும் கேக்குதா?" என்றாள்.

அவர் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்பமும் கேக்கும்" என்றார். "நீ பயந்துருவன்னு சொல்லல. கொடுக்க வேண்டியதக் கொடுக்கலன்னு அம்ம தட்டுதா."

ஜெபகனி சுவரைப் பிடித்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மூணு வருசம் அத்தைக்குப் பக்கத்துல இருந்தவ நான். எனக்குத் தெரியாதா? அவ ஒருநாளும் காசக் கேட்டுத் தட்டல. ஆளக் கேட்டுத்தான் தட்டினா. ஆள் இருக்கான்னு பாத்தேன்னுதான் சொல்லுவா. நீங்க தோப்ப வித்து அங்கன கொட்டினாலும் அது அவளுக்குப் போய்ச் சேராது. எனக்கும் சேராது. கேக்காம வந்தது ஒரு தடவ. இப்பவும் கேக்காமப் போகாண்டாம். பைய நாலு எடத்துல கேப்போம். கேக்கது பாவமில்ல."

அவர் தொங்கிய கையை மாட்டினார். ஏரலுக்குப் போகிற சட்டை என்றுதான் அவள் நினைத்தாள். அவர் போனை எடுத்து ஃபெபியைக் கூப்பிட்டு, அந்த முருகன்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு என்றைக்குப் போகலாம் என்று கேட்டார்.

அந்த ஆஸ்பத்திரி ஒரு பழைய வீட்டைச் சேர்த்துக் கட்டியது. மீன் தொட்டி இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சும், மண்பானையில் தண்ணீரும், எவர்சில்வர் டம்ளரும் இருந்தன. டாக்டர் நடுவயதுக்காரர். ஜெபகனியின் காலைத் தூக்கித் திருப்பிப் பார்த்து, படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னது சரிதான், மாற்றத்தான் வேண்டும் என்றார். பாக்கியசீலன் தொண்டையைச் செருமினார். ஏலக் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"டாக்டர், தப்பா எடுத்துக்கிடப்படாது. அங்கன ஒரு வெல, இங்கன ஒரு வெல. ஏன்னு தெரிஞ்சுக்கிடணும்."

டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து செயற்கை மூட்டு ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். பளபளப்பான ஒரு பந்து, அதன் கீழே எலும்புக்குள் இறங்குகிற தண்டு, பந்து உட்கார ஒரு கிண்ணம்.

"முதல்ல இது. இதுலேயே நாலஞ்சு ரகம் இருக்கு அண்ணாச்சி. பந்து உலோகமா, பீங்கானா. எலும்போட சிமெண்ட் போட்டு ஒட்டுததா, எலும்பே வளந்து பிடிக்கிறதா. வயசையும் எலும்பையும் பாத்து எது பொருந்துமோ அத வைக்கணும். எல்லாருக்கும் விலை கூடினதுதான் நல்லதுன்னு கெடையாது. ரெண்டாவது, சொல்லுத தொகைக்குள்ள என்னென்ன அடங்கும்னு கேக்கணும். சில இடத்துல மூட்டு தனி, மருந்து தனி, நடக்கப் பழக்குதவங்க தனின்னு வரும். முதல்ல கொறச்சலாத் தெரியும், பில்லு வரும்போது ஏறிரும். சில இடத்துல எல்லாஞ் சேத்துச் சொல்லுவாங்க. நான் சொல்லுதது சேத்துத்தான். அதுக்குப் பெறகு ரூம்பு, எத்தன நாள் படுக்கை, டாக்டரோட அனுபவம், கட்டடத்துக் கடன் எல்லாந்தான் சேரும்."

ஜெபகனி அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள். "எலக்கட்டு மாதிரிதான். தோப்புல வந்து எடுத்தா ஒரு வெல. மண்டபத்துல கொண்டு எறக்கிக் குடுத்தா ஒரு வெல. முகூர்த்த நாள்னா இன்னொரு வெல. எல ஒண்ணுதான்."

"சரியாச் சொன்னீங்க. ஆனா சில நேரம் எலையும் வேறயா இருக்கும் பாத்துக்கிடுங்க" என்று டாக்டர் சிரித்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க பொய் சொல்லல. அங்க எந்நேரமும் நெஞ்சு டாக்டர் இருப்பாரு. அந்த வசதிக்கும் சேத்துத்தான் அந்தத் தொகை. ஒங்களுக்கு அது வேணுமா வேண்டாமான்னு இதயத்தச் சோதிச்சாத் தெரியும். வேணும்னு வந்தா நானே அங்க அனுப்பிருவேன். அரசு ஆஸ்பத்திரியிலயும் நல்லாச் செய்யுதாங்க. காத்திருக்க முடியுமான்னு மட்டும் பாருங்க."

பாக்கியசீலன் அந்தப் பந்தைக் கிண்ணத்தில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல் உருண்டது. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இருவத்தஞ்சு வருசத்துக்கு முந்தியும் இப்பிடி எடத்துக்கு ஒரு வெல உண்டுமா, டாக்டர்?"

டாக்டர் ஜெபகனியைப் பார்த்தார். அவள் புருஷனின் முழங்கைக்குக் கீழே கை கொடுத்திருந்ததைப் பார்த்தார். யாருக்காக அந்தக் கேள்வி என்று அவர் விசாரிக்கவில்லை.

"உண்டும் அண்ணாச்சி" என்றார். "ஆனா அப்பம் கேக்கலாம்னு ஒங்களுக்கு யாரு சொல்லித் தந்தா? கேக்க விடாம வச்சது எங்க ஆளுக தப்பும்தான்."

பாக்கியசீலன் பந்தைக் கைக்குள் மூடிக்கொண்டார். திருப்பிக் கொடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. டாக்டர் வெளியே காத்திருக்கிறவர்களைப் பற்றிப் பேசாமல், சாவகாசமாக எழுதிக்கொண்டிருந்தார். மனிதனுக்கு மனிதன் செய்கிற உபகாரம் பல நேரங்களில் அவ்வளவுதான். அவசரப்படுத்தாமல் இருப்பது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் ஃபெபியிடம் அடுத்த இடம் எது என்று கேட்டார். அன்றைக்கும் மறுநாளுமாக இன்னும் இரண்டு வாசல் ஏறினார்கள். அரசு ஆஸ்பத்திரி வாசலில் முறைக்குக் காத்திருக்கிற கூட்டத்தையும், உதவிக்கு ஆளில்லாத ஒரு கிழவரையும் பார்த்துவிட்டு, பாக்கியசீலன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அங்கே முறை வர மாசிக்கு மேலாகும் என்று தெரிந்தது. ஜெபகனியின் கால் அதுவரை தாங்காது. இதயச் சோதனை முடிவு நல்லபடியாக வந்ததும் முருகன்குறிச்சியிலேயே செய்வது என்று தீர்மானமாயிற்று. மேலத்தோப்பு தப்பியது. ஒரு வருஷத்து இலையை அசன் மைதீனுக்குக் குத்தகை பேசி முன்பணம் வாங்கினார்கள். சிவகணேஷ், வார்த்தை மாறிவிட்டீர்களே என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்.

புரட்டாசியில் ஆப்பரேஷன் நடந்தது. மறுநாளே நடக்கப் பழக்குகிற நிலோஃபர் என்ற பெண் வந்து, "எந்திரிங்கம்மா, பயப்படாதீங்க, விழுந்தா என் மேல விழுங்க" என்று வாக்கரைப் பிடிக்கக் கொடுத்தாள். அதன் கால் தரையில் பட்டதும் ஜெபகனி உறைந்து நின்றுவிட்டாள். டொக் என்றது. அதே சத்தம்.

வீட்டுக்கு வரும்போது ஐப்பசி மழை பிடித்திருந்தது. ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. வீட்டில் அவளுக்கு ஒரு சோதனை காத்திருந்தது. கக்கூஸோடு சேர்ந்து, படி இல்லாமல் சமதரையில் இருக்கிற அறை அந்த வீட்டில் ஒன்றுதான். பாக்கியசீலன் பின்னறைக்கு வெள்ளை அடித்து, உயரமான கட்டில் போட்டிருந்தார். குந்தி உட்காரக் கூடாது என்பதால் மும்தாஜ் பேகம் தன் கம்மோடு நாற்காலியைக் கழுவி வெயிலில் காயவைத்து அனுப்பியிருந்தாள். எந்த இடத்தில் விழுந்துவிடக் கூடாது என்று இத்தனையும் பட்டாளோ, அந்த இடத்தில்தான் ஜெபகனி படுத்தாள்.

முதல் மத்தியானம் அவள் தூங்கவில்லை. மழை விட்டிருந்தது. முன்னறையில் பாக்கியசீலன் இலை கட்டிக்கொண்டிருந்தார்; நார் இழுபடுகிற சத்தம் கேட்டது. சுவரைப் பார்த்துக்கொண்டு காத்துக் கிடந்தாள். ஒன்றும் வரவில்லை. தாகமாக இருந்தது. தண்ணீர்ச் செம்பு முன்னறையில் இருந்தது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தவள் அதை மாற்றிக்கொண்டு, நிலோஃபர் சொல்லித் தந்தபடி நல்ல காலை முதலில் இறக்கி, வாக்கரைப் பிடித்து எழுந்தாள்.

டொக். ஓர் அடி. டொக்.

முன்னறையில் நார் அறுந்து விழுந்தது. ஓடி வருகிற காலடி. பாக்கியசீலன் கதவில் வந்து நின்றார். கையில் செம்பு தளும்பி வேட்டியெல்லாம் தண்ணீர். அறுபது தாண்டிய மனுஷனின் முகம் ஒரு சின்னப் பையனின் முகம்போல வெளிறிப் போயிருந்தது.

"அம்மா, வந்துட்டேன்" என்றார்.

சொன்னபிறகுதான் எதிரே நிற்பவள் யார் என்று கண்டார்.

"நாந்தான்" என்றாள் ஜெபகனி. "கெடந்து தட்டல. நடந்து வாரேன்."

அவர் கதவோடு ஒட்டி வழிவிட்டார். அவள் அவரைத் தாண்டி, ஓர் அடிக்கு ஒரு சத்தமாக, முன்னறைக்குப் போய்ச் சேர்ந்தாள். அவர் உடனே பின்னால் வரவில்லை. காலியான கட்டிலுக்கு எதிரே செம்போடு நின்றுகொண்டிருந்தார். பிறகு அதைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டு, அவளுக்கு வேறு தண்ணீர் மொண்டு கொண்டுவந்தார்.

அடுத்த ஆடி வந்தது. வாழையெல்லாம் கிழிந்து தொங்கியது. ஜெபகனி இப்போது தரையில் உட்காருவதில்லை. பாக்கியசீலன் செய்து கொடுத்த உயர மேசையில் நின்றபடியே இலை கட்டினாள். ஒரு மத்தியானம் காற்று நின்றது. இரண்டு பேர் கையும் நின்றது.

"கேக்குதா?" என்றார் அவர்.

"கேக்குது."

அவர் எழுந்திருக்கப் போனார்.

"நீங்க இரிங்க. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று ஜெபகனி செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு, சாயாமல் இழுக்காமல், பின்னறைக்கு நடந்து போனாள்.